சின்னப் பிள்ளைகளோடு ஆஃப்ரிஸ்கீ: ஜூலையில் கிளம்பலாமா?

டர்பன்மலர்:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிப்பதோடு சரி, கேள்வி கேட்பது இதுதான் முதல் தடவை. ஜூலை குளிர்காலப் பள்ளி விடுமுறையில், நம்ம தென்னாப்பிரிக்காவுக்குப் பக்கத்து மலைநாடான லெசோத்தோவில் இருக்கிற ஆஃப்ரிஸ்கீ என்ற பனிச்சறுக்கு இடத்துக்குப் போகலாம் என்று என் கணவர் ஆரம்பித்துவிட்டார். அவருடைய அலுவலகத்தில் யாரோ போய்வந்து படம் காட்டியிருக்கிறார்கள், அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. பெரியவனுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு மூன்று முடிந்து இரண்டு மாதம். நாங்கள் டர்பனில், கடலிலிருந்து பத்து நிமிடத்தில் இருக்கிறோம். பிள்ளைகள் ஃப்ரிட்ஜுக்கு வெளியே ஐஸைப் பார்த்ததே இல்லை. விடியற்காலையில் பதிமூன்று டிகிரி என்றாலே எங்கள் வீட்டில் ஸ்வெட்டரும் சுக்குக் காப்பியும்தான்.

மூன்று வயதுக் குழந்தை ஸ்கீ செய்யுமா, இல்லை நான் இரண்டு நாளும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டியதுதானா? அவ்வளவு உயரத்தில் பிள்ளைகளுக்கு மூச்சு முட்டாதா? எங்களிடம் இருப்பது சாதாரண போலோ கார், அது அந்த மலை ஏறுமா? மாமியாரும் வருகிறேன் என்கிறார், அவருக்கு அறுபத்தெட்டு வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். அவரை எப்படி வேண்டாம் என்று சொல்வது என்பதற்கும் யாராவது வழி சொன்னால் புண்ணியமாகப் போகும்.

ஜோசிவாசி:

தாராளமாகப் போங்க அக்கா. நாங்கள் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து இரண்டு தடவை போய் வந்தோம், முதல் தடவை மகளுக்கு நாலு வயது, அடுத்த தடவை ஆறு. நாலு வயதில் அவள் ஸ்கீ செய்தது மொத்தம் இருபது நிமிடம் இருக்கும், மீதி நேரமெல்லாம் பனியை வாரி என் கழுத்துக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். ஆறு வயதில் ஒரே காலையில் நிற்கக் கற்றுக்கொண்டு, மத்தியானம் எனக்கே பாடம் எடுத்தாள். அதனால் உங்கள் பெரியவனுக்கு வகுப்பு போடுங்கள், சின்னவளுக்குப் பணம் கட்டாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு மண்வெட்டி, கடற்கரைக்குக் கொண்டுபோகிற அதே சாமான் போதும்.

வகுப்பை நீங்கள் நடத்தாதீர்கள், ஸ்கீ தெரிந்த அப்பாவாகவே இருந்தாலும் சரி. என்னிடம் பத்து நிமிடத்தில் அழுத பிள்ளை, வாத்தியாரிடம் ஒரு மணி நேரம் நின்றாள். முதலில் சொல்லித்தருவது பிரேக்தான். ஸ்கீயின் முன்நுனி இரண்டையும் கிட்டக் கொண்டுவந்து, பின்பக்கத்தை அகட்டி, முக்கோணம் மாதிரி வைத்தால் வேகம் குறையும். பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி அதை "பீட்சா" என்று சொல்வார்கள், எங்கள் வீட்டில் அது சமூசா ஆகிவிட்டது. இன்றைக்கும் அவள் சைக்கிளில் வேகமாகப் போனால் நான் வாசலிலிருந்து "சமூசா, சமூசா" என்றுதான் கத்துகிறேன், பக்கத்து வீட்டுக்காரர் நான் விற்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பூட்ஸ் விஷயத்தில் நாங்கள் ஏமாந்தோம். குளிருமே என்று இரண்டு சாக்ஸ் போட்டுவிட்டோம், கால் இறுகி ரத்தம் ஓடாமல் இன்னும் ஜில்லென்று ஆகிவிட்டது. உயரமான மெல்லிய சாக்ஸ் ஒன்றே போதும். ஸ்கீயின் நீளம் பிள்ளையின் நெஞ்சுக்கும் தாடைக்கும் நடுவில் வர வேண்டும், வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கும் நம்ம ஊர்ப் புத்தி இங்கே வேலைக்கு ஆகாது. ஸ்கீ, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஹெல்மெட் இல்லாமல் மட்டும் விடாதீர்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நீங்கள் மனதில் வைத்திருப்பது சுவிட்சர்லாந்து படம் என்றால் ஏமாற்றம்தான். நமக்குக் குளிர்காலம் மழை இல்லாத காலம், வானம் நீலமாக, மலை முழுவதும் காய்ந்த புல்லாகப் பழுப்பாக இருக்கும். அதன் நடுவே ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு பட்டை, வேட்டியை விரித்துக் காயப்போட்ட மாதிரி. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் இரவுகளில் தண்ணீரைப் பீரங்கி மாதிரி ஊதி அவர்களே பனி செய்கிறார்கள். தெற்கிலிருந்து குளிர்காற்று வந்து நிஜப் பனி கொட்டினால் அது உங்கள் அதிர்ஷ்டம். எங்களுக்கு முதல் தடவை இல்லை, இரண்டாம் தடவை கிடைத்தது.

மேலேயே தங்குங்கள், காலையில் கதவைத் திறந்தால் எதிரே சரிவு, பிள்ளைகளோடு அதுதான் வசதி.

சும்மாஒருத்தன்:

தெரியாமல்தான் கேட்கிறேன், இவ்வளவு தூரம் போய், பாஸ்போர்ட் காட்டி, வாடகை கட்டி, மூன்று வயதுக் குழந்தை வாளியில் பனி அள்ளுவதற்கா? டிராகன்ஸ்பர்க் மலையில் பனி விழுந்ததாகச் செய்தி வந்த மறுநாள் அண்டர்பர்க் பக்கம் போனால், தூரத்தில் வெள்ளையாக மலையைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் போகிற N3 நெடுஞ்சாலைப் பக்கம் மட்டும் அந்தச் சமயத்தில் போகாதீர்கள். 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி ரோட்டையே மூடினார்கள், இரவு முழுவதும் ஜனங்கள் காருக்குள் கிடந்தார்கள். அதில் என் மச்சானும் ஒருத்தன், கையில் இருந்தது ஒரு பாக்கெட் சிப்ஸ். பனி பார்க்கும் ஆசை அவனுக்கு அன்றோடு தீர்ந்தது.

மாரிட்ஸ்பர்க்நர்ஸ்:

ஜோசிவாசி தம்பி சொன்னதில் கடைசி வரியைத் தவிர மற்றதெல்லாம் சரி. தம்பி, நீங்கள் இருப்பதே 1,750 மீட்டரில். உங்கள் பிள்ளை பிறந்ததிலிருந்து அந்தக் காற்றைத்தான் மூச்சு விடுகிறாள். மலரின் பிள்ளைகள் கடல்மட்டத்திலிருந்து வருகிறார்கள். ஆஃப்ரிஸ்கீ 3,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காலையில் டர்பனில் கிளம்பி இரவு அங்கே படுக்கவைத்தால், உங்கள் மகள் அனுபவித்த மாதிரி இந்தப் பிள்ளைகளால் அனுபவிக்க முடியாது.

பிள்ளைகள் வார்டில் வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உயரத்தால் வரும் உபாதை பெரும்பாலும் போய்ச் சேர்ந்தவுடனே வராது, சில மணி நேரம் கழித்து, அநேகமாக முதல் இரவில்தான் தெரியும். தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை. பெரியவன் தலை வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வான். மூன்று வயதுக்காரி சொல்ல மாட்டாள், விளையாட மாட்டாள், சாப்பிட மாட்டாள், காரணம் தெரியாமல் சிணுங்கிக்கொண்டே இருப்பாள். நாம் "பயணக் களைப்பு, தூங்கினால் சரியாகிவிடும்" என்று படுக்கவைப்போம், தப்பு நடப்பது அங்கேதான். புது உயரத்தில் பிள்ளை சரியில்லை என்றால் முதலில் உயரத்தைச் சந்தேகப்படுங்கள். தலைவலிக்கு பாராசிட்டமால் கொடுக்கலாம், ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடாது. அப்போதும் தேறவில்லை, வாந்தி நிற்கவில்லை, தள்ளாடுகிறது, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது என்றால் விடியட்டும் என்று காத்திராமல் கீழே இறங்கிவிட வேண்டும். அதற்கு மருந்தே இறங்குவதுதான்.

அதனால் என் யோசனை இது. முதல் நாள் ஹாரிஸ்மித் வரை N3, அங்கிருந்து கோல்டன் கேட் தேசியப் பூங்கா வழியாக கிளாரன்ஸ். அது சுமார் 1,850 மீட்டர். இரண்டு இரவு அங்கே தங்கி, நடுவில் ஒரு நாள் சும்மா சுற்றுங்கள். அப்புறம் காலிடன்ஸ்பூர்ட் எல்லை தாண்டி புத்தா-புத்தேயில் தங்குங்கள், அதுவும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். லெசோத்தோவில் மிகத் தாழ்ந்த இடமே 1,400 மீட்டர், அதற்குக் கீழே அந்த நாட்டில் படுக்க இடமே கிடையாது. அங்கிருந்து காலையில் மலை ஏறி, பகல் முழுவதும் விளையாடிவிட்டு, வெயில் இருக்கும்போதே இறங்கி வந்து தூங்குங்கள். ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டம் ஆகும், அலுப்புதான், ஆனால் பிள்ளை ராத்திரி தூங்கும்.

சளி, காதுவலி, நெஞ்சில் கபம் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குக் குளிர்ந்த வறண்ட காற்றே இழுப்பைக் கிளப்பும், பம்ப் கையிலேயே இருக்கட்டும், காரில் அல்ல. உங்கள் மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பீடு) லெசோத்தோவில் செல்லுமா என்று கிளம்பும் முன்பே போன் போட்டுக் கேளுங்கள். மாமியாரை அவருடைய டாக்டரிடம் அழைத்துப்போய், அவர் வாயால் சொல்லவையுங்கள். நீங்கள் சொன்னால் அது குடும்பப் பிரச்சினை ஆகிவிடும்.

டர்பன்மலர்:

அக்கா, உங்கள் பதிலை அப்படியே கணவரிடம் காட்டினேன். இரண்டு நிமிடம் பேசவில்லை, அப்புறம் "சரி, கிளாரன்ஸில் நல்ல பேக்கரி இருக்கிறதாம்" என்றார். அது சம்மதம்தான்.

இப்போது அவருக்குப் புதுசாக ஒரு யோசனை, சானி கணவாய் வழியாக ஏறினால் நம்ம குவாசுலு மாகாணத்திலிருந்து நேராக லெசோத்தோதானே, எதற்குச் சுற்றிப் போக வேண்டும் என்கிறார். வரைபடத்தில் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.

மலைப்பாதைமணி:

போலோவிலா? வேண்டாம் சார், வேண்டவே வேண்டாம். சானி கணவாய்க்கு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் வேண்டும், எல்லைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சரளைக்கல் ரோடு, ஊசிவளைவு மேல் ஊசிவளைவு, நிழல் விழும் வளைவுகளில் குளிர்காலம் முழுவதும் ஐஸ். மேலே ஏறினால் 2,870 மீட்டர் சொச்சம், அங்கிருந்து மொகோட்லாங் வழியாக இன்னும் உயரமான கணவாய் தாண்டி ஆஃப்ரிஸ்கீ. வரைபடத்தில் விரற்கடை தூரம், சக்கரத்தில் ஒரு பகல். நான் "பாக்கி" என்கிற பிக்கப் வண்டியில் போய்வந்தவன், எனக்கே கை நடுங்கியது.

நர்ஸ் அக்கா சொன்ன வழி முழுவதும் தார் ரோடு, போலோ தாங்கும். புத்தா-புத்தே தாண்டி மோட்டெங் கணவாய் வரும், 2,800 மீட்டர், ஏற்றம் கடுமை, இரண்டாம் கியரிலேயே போங்கள். இறங்கும்போதும் அதே கியர், பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் பாதி வழியில் கருகிய வாசனை வரும். ரேடியேட்டரில் உறையாத திரவம் இருக்கிறதா என்று பாருங்கள், டர்பன் கார்களில் வெறும் தண்ணீர்தான் ஊற்றிவைத்திருப்பார்கள், அது இரவில் உறைந்து என்ஜினைப் பிளந்துவிடும். உங்கள் கார் டீசல் என்றால், கடற்கரையில் நிரப்பிய டீசல் கடுங்குளிரில் மெழுகு கட்டும், மேலே ஏறுவதற்கு முன் ஹாரிஸ்மித் பக்கம் நிரப்பிக்கொள்ளுங்கள். காலை எட்டரைக்கு முன்னால் கணவாயில் ஏறாதீர்கள், ரோடு ஈரமாக இருக்கிற மாதிரி தெரியும், அது ஈரம் இல்லை.

எல்லையில் பிள்ளைகளுக்கு பாஸ்போர்ட், கூடவே அப்பா அம்மா விவரமும் உள்ள அன்அப்ரிட்ஜ்ட் பிறப்புச் சான்றிதழ், கார் பேங்க் கடனில் இருந்தால் பேங்க் கடிதம். இதில் ஒன்று இல்லாமல் போய் ஒரு குடும்பம் ரோட்டோரமாக நின்று அழுததைப் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லைக்குப் போகாதீர்கள், ஜோஹன்னஸ்பர்க் முழுவதும் அங்கேதான் நிற்கும். திங்கள், செவ்வாய் பாருங்கள். பணம் மாற்ற வேண்டாம், அவர்கள் லோட்டியும் நம்ம ராண்டும் ஒன்றுக்கு ஒன்று, ராண்டையே வாங்கிக்கொள்வார்கள்.

பீனிக்ஸ்ஆயா:

மலர் கண்ணு, எல்லோரும் ரோட்டையும் காற்றையும் பற்றிச் சொல்லிவிட்டார்கள், பிள்ளை என்ன சாப்பிடும் என்று ஒருவரும் சொல்லவில்லை. போன வருஷம் மகன் வீட்டோடு நானும் போனேன், அவர்கள் மேலேயே ரூம் எடுத்தார்கள். ரைஸ் குக்கர் கொண்டுபோனேன், அரிசி நட்டுவைத்த மாதிரி நின்றது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, ஆனால் வேகவில்லை. பேரன்தான் சொன்னான், அந்த உயரத்தில் தண்ணீர் தொண்ணூறு டிகிரியிலேயே கொதித்துவிடுமாம், அதனால் சூடு பற்றாதாம். பருப்பு அதைவிட மோசம். பிரஷர் குக்கர் இருந்தால் கொண்டுபோ, இல்லையென்றால் வேகவைத்ததை வீட்டிலிருந்தே டப்பாவில் கட்டிக்கொண்டு போய்ச் சூடு பண்ணிக் கொடு. ஃபிளாஸ்க்கில் மிளகு ரசம், அதுதான் அங்கே அமிர்தம். புளிச்சோறு கெட்டுப்போகாது, கார் டிக்கியே ஃப்ரிட்ஜ் மாதிரிதான் இருக்கும்.

சின்னவளுக்கு ஒரே துணியாகத் தைத்த ஸ்கீ உடுப்பு வாங்காதே. அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஒன்றுக்கு வருகிறது என்று சொன்ன பிறகு அதைக் கழற்றுவதற்குள் காரியம் முடிந்துவிடும். சட்டை தனி, பேண்ட் தனி. உள்ளே பருத்தி பனியன் கூடாது, வேர்வையைக் குடித்துவைத்துக்கொண்டு ஜன்னி கண்ட மாதிரி நடுங்கவைக்கும், தெர்மல் போடு, அதன்மேல் ஃப்ளீஸ், அதன்மேல் தண்ணீர் புகாத கோட்டு. விரல் விரலாக இருக்கிற உறையைவிட நாலு விரலும் ஒன்றாகப் போகிற உறைதான் சூடு, கையுறை இரண்டையும் ஒரு கயிற்றில் கட்டிச் சட்டைக் கைக்குள்ளே ஓட்டிவிடு, இல்லையென்றால் பத்து நிமிடத்தில் ஒன்று காணாமல் போகும்.

நம்ம பிள்ளைகளுக்கு வெயில் என்ன செய்யும் என்று நினைக்காதே, பனி வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும், தாடைக்குக் கீழேயும் மூக்குத் துவாரத்துக்குக் கீழேயும் கூட கிரீம் தடவு. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் விடாதே, கண் மண் அள்ளிப்போட்ட மாதிரி எரியும். தேங்காய் எண்ணெய் கொண்டுபோனேன், பாட்டிலுக்குள்ளே கல்லாகிக் கிடந்தது.

தேதியைப் பார்த்துக்கொள். ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும், கோயிலில் கூழ் ஊற்ற ஆரம்பித்துவிடுவார்கள், அப்போது உன் மாமியாரைக் கூப்பிட்டால் அவரே வர மாட்டார். டாக்டரிடம் போகாமலே வேலை முடியும்.

டர்பன்மலர்:

ஆயா, கடைசி வரியைப் படித்துவிட்டுச் சமையலறையில் நின்று சிரித்தேன். மாமியார் "என்னம்மா" என்றார், வாட்ஸ்அப் என்று சொல்லிவிட்டேன்.

டர்பன்மலர்:

போய் வந்துவிட்டோம். எழுதுகிறேன் என்று சொல்லவில்லை, ஆனாலும் இவ்வளவு பேர் உட்கார்ந்து பதில் போட்டதற்கு எழுதாமல் இருப்பது நன்றாக இல்லை.

கிளாரன்ஸ் இரண்டு இரவு, புத்தா-புத்தே இரண்டு இரவு. மாமியார் கூழ் ஊற்றும் கமிட்டியில் இருக்கிறார், வரவில்லை. காலிடன்ஸ்பூர்ட்டில் செவ்வாய்க்கிழமை காலை எங்களுக்கு முன்னால் நாலே கார். மோட்டெங்கில் சின்னவள் இரண்டு தடவை வாந்தி, அது உயரமா வளைவா என்று நர்ஸ் அக்காவை நினைத்துக்கொண்டே ஏறினேன், மேலே போய்ப் பத்து நிமிடத்தில் ரொட்டி கேட்டாள், வளைவுதான். பெரியவனுக்குக் காதடைத்தது, மிட்டாய் சப்பச் சொன்னதும் சரியாகிவிட்டது.

பெரியவன் முதல் நாள் வகுப்பில் அரை மணி நேரம் விழுந்துகொண்டே இருந்தான், எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது, அவன் கவலைப்படவில்லை. இரண்டாம் நாள் குழந்தைகள் சரிவில் மேலிருந்து கீழே வரைக்கும் தனியாக வந்தான். நான் கீழே நின்று "சமூசா" என்று கத்தினேன், பக்கத்தில் நின்ற இரண்டு டர்பன் குடும்பங்கள் எங்கே விற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்கள். கணவர் பெரிய சரிவில் ஆளை இழுத்து ஏற்றும் டி-பார் கம்பியிலிருந்து பாதி வழியில் விழுந்து, ஓரமாக நடந்தே இறங்கி வந்தார். அதைப் பற்றி வீட்டில் பேசக் கூடாது என்று உத்தரவு, இங்கே எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

சின்னவள் ஸ்கீ பூட்ஸை இரண்டு நிமிடம் போட்டாள், கனமாக இருக்கிறது என்று கழற்றிவிட்டாள். வாளியும் மண்வெட்டியும்தான். கம்பளி போர்த்திக்கொண்டு நின்ற ஒரு உள்ளூர் பசோத்தோ அம்மா அவளைப் பார்த்துச் சிரித்தார், "துமேலா மே" (அவர்கள் மொழியில் வணக்கம் அம்மா) சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தேன், இவள் சொன்னதும் அவர் குனிந்து கைகொடுத்தார். அன்று சாயங்காலம் வரை பார்த்தவர்களிடமெல்லாம், ஆண் பெண் பாராமல், துமேலா மேதான்.

ஒரு வருத்தம். புத்தா-புத்தேயில் எடுத்த அறையில் ஹீட்டர் முதல் இரவே நின்றுவிட்டது, கேட்டதற்கு ஒரு கம்பளி கூடுதலாகக் கொடுத்தார்கள், நாலு பேரும் ஒரே கட்டிலில் படுத்தோம். அடுத்த தடவை ஒரு வெந்நீர்ப் பை கொண்டுபோவேன்.

திரும்பும்போது சின்னவள் வாளி நிறையப் பனி அள்ளிக் காரில் ஏற்றினாள், வீட்டில் இருக்கிற பாட்டிக்கு என்று. வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை, வான் ரீனன் இறங்கும்போது அரை வாளி கலங்கல் தண்ணீராக இருந்தது. வீட்டுக்கு வந்து அதை அப்படியே என் மாமியாரிடம் கொடுத்தாள். அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார்.